முத்திரை குத்திப் படித்த சிங்களம்

தபால் கந்தோர் கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை பசை, முத்திரை, பொறுமை ஆகிய மூன்றுதான் என்று சொல்லி எனக்கு வேலை கொடுத்தார்கள். சில வருடம் கழித்து நான்காவதாகச் சிங்களம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். குறித்த தவணைக்குள் பரீட்சை பாஸ் பண்ணாத அரசாங்க ஊழியர் வீட்டுக்குப் போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. முப்பது வயதுக்கு மேல் பாலர் வகுப்புப் பாடப்புத்தகத்தைச் செய்தித்தாளுக்குள் மறைத்துப் படித்த அன்பர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் வேலை பார்த்தது நோர்வூட்டைத் தாண்டி, சுற்றிலும் தேயிலை மட்டுமே தெரிகிற ஒரு சின்னக் கந்தோரில். எங்கள் குடும்பத்தில் கொழுந்துக் கூடையைத் தொடாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா எப்படியோ அலைந்து இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவு வாங்கி வைத்திருந்ததால் வந்த வேலை. அது போனால் டவுனில் எடுத்த வாடகை வீடும் போகும். அதற்கப்புறம் நேரே தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராதான்.

நாற்காலிக்குப் பெயர் வைத்த கதை

பார்க்கும் பொருளில் எல்லாம் அதன் பெயரை எழுதி ஒட்டினால் சொற்கள் தானாக மனதில் ஏறும் என்று ஹட்டனில் சனிக்கிழமை வகுப்பு எடுத்த வாத்தியார் சொல்லியிருந்தார். தபால் கந்தோரில் பசைக்கா பஞ்சம்? ஒரே காலையில் மேசை, கடிகாரம், தராசு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் பெரிய சிங்கள எழுத்தில் பெயர் ஒட்டினேன். வாடிக்கையாளர்கள் உட்காரும் ஒற்றை நாற்காலியின் முதுகில் ‘புட்டுவ’ என்று ஒட்டினேன். நாற்காலி என்று அர்த்தம். வேறொன்றுமில்லை.

அன்று முழுக்க அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. தோட்டத்து ஆட்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஜன்னல் பக்கம் ஒருவரும் போகவில்லை. கைக்குழந்தையோடு கால் மாற்றி மாற்றி நின்ற ஒரு பெண்ணிடம், நாற்காலி சும்மாதானே இருக்கிறது, உட்காரக் கூடாதா என்று கேட்டேன். அவள் நாற்காலியை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“அதுல கவர்மெண்டு எழுத்து ஒட்டியிருக்குங்கய்யா. ஒக்காந்தா கேசு கீசு வந்துருமோன்னு நின்னுக்கிட்டேங்க.”

ஆறு குத்து

சொற்களைச் சமாளித்துவிடலாம். வினைதான் ஆளைக் கொன்றது. நான் செய்தால் ஒரு வால், நாங்கள் செய்தால் ஒரு வால், அவன் செய்தால் வேறொன்று. பரீட்சைச் சிங்களத்தில் கரமி, கரமு, கரஹி, கரஹு, கரயி, கரதி என்று ஒரே வேலையை ஆறு விதமாகச் செய்ய வேண்டும். சும்மா உட்கார்ந்து சொன்னால் நான்காவதில் தூக்கம் வந்தது.

கைக்கு வேலை கொடுத்தால் வாய்க்குத் தூக்கம் வராது என்று கண்டுபிடித்தேன். பின்னேரத் தபால் பையைக் கட்டுவதற்கு முன் கடிதங்களுக்கு முத்திரை குத்துவது என் பொறுப்பு. கரமி, ஒரு குத்து. கரமு, ஒரு குத்து. தாளம் அருமையாகச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் ஆறு வாலும் தலைகீழாக வந்தன. மண்டைக்குள் ஏறிய உற்சாகத்தில், அடுத்த கடிதத்தை எடுக்க மறந்து ஒரே கடிதத்தில் ஆறையும் குத்தியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. விலாசம் தெரியாமல் கறுத்துப்போன உறைகள் கண்டியிலிருந்து கட்டாகத் திரும்பி வந்தன. எங்கள் போஸ்ட்மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். உறைகளை ஒவ்வொன்றாக என் மேசையில் பரப்பிவிட்டுக் கேட்டார்:

“தம்பி, படிக்கிறது நீர், அடி வாங்கிறது கடிதமோ?”

சோமபால முதலாளியின் கவலை

பேசிப் பழகாமல் பாஷை வராது என்றார்கள். பேச ஆள் வேண்டுமே. எங்கள் பக்கத்தில் சிங்களவர்கள் உண்டு. ஆனால் தோட்டத்துச் சனத்தோடு வியாபாரம் பண்ணிப் பண்ணி, நம்மைக் கண்டதுமே அவர்கள் வாய் தமிழுக்குத் திரும்பிவிடும். கவுண்டருக்கு வருகிறவர்களும் அப்படித்தான். அவர்கள் சிங்களத்தில் ஆரம்பித்தாலும் நான் தமிழில் பதில் சொல்வேன், மிச்சம் தமிழிலேயே முடியும். அதில் எவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

கந்தோருக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சோமபால முதலாளியைப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். வழக்கமாக உள்ளே நுழையும்போதே ஒரு பிளேன்டி என்று கத்துகிறவன், அன்று கல்லாவுக்கு முன் நிமிர்ந்து நின்று, புத்தகத்தில் உள்ளபடியே “மம தே பானய கரமி” என்றேன். நான் தேநீர் அருந்துகிறேன் என்று அர்த்தம். முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அப்படிப்பட்ட சிங்களத்தை அவர் விகாரையில், அதுவும் பௌர்ணமிப் போயா தினத்தில், உபதேசத்தின்போதுதான் கேட்டிருக்கிறாராம். ஆறு வால் எல்லாம் ஏட்டில்தான், கடைவீதியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ‘கரனவா’தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“என்னங்க கிளாக்கரய்யா, ஒடம்புக்கு முடியலையா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தீங்க.”

உப்பில்லாத வாரம்

என் மனைவி பாக்கியத்துக்கு இந்தப் பரீட்சையில் என்னை விட அக்கறை. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எது வேண்டுமானாலும் சிங்களத்தில்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்த சொல் கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பரிமாறுவாள். சோறு கிடைத்தது. தண்ணீர் கிடைத்தது. உப்புக்கு என்ன சொல் என்பது மட்டும் எனக்கு நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடும். அவள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைத்தாள். கையால் ஜாடை காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். இந்த வயதில் ஒரு கல் உப்புக்காகப் பிச்சைக்காரன் மாதிரி வார்த்தை தேட வேண்டியிருக்கிறதே என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அவள் அம்மா, அக்கா எல்லாரும் இன்னும் லயத்தில்தான் இருந்தார்கள். கோப்பையைத் திரும்ப என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“லுணு இல்லாம ஒரு வாரம் சாப்பிடலாங்க. வேல இல்லாம ஒரு வேளகூட சாப்பிட முடியாது.”

பசுவோடு போனேன்

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். வாய்மொழிப் பரீட்சைக்கு நுவரெலியாவுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் வகுப்பில் அதற்கும் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு கட்டுரையை முழுக்க மனப்பாடம் பண்ணிக்கொள்வது, என்ன கேட்டாலும் கேள்வியை மெல்ல அதன் பக்கம் தள்ளிக்கொண்டு போவது. நான் எடுத்துக்கொண்ட கட்டுரை பசு.

பரீட்சகர் வெள்ளைச் சட்டை போட்ட, நரைத்த மனிதர். எந்த ஊர் என்று கேட்டார். நோர்வூட் பக்கம், அங்கே பசுக்கள் உண்டு என்றேன். பசுவுக்கு நான்கு கால்கள் என்பதிலிருந்து சாணத்தின் பயன் வரை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். தபால் வேலையைப் பற்றிக் கேட்டார். முன்பு தபாலை மாட்டுவண்டியில் கொண்டு போவார்கள் என்று ஆரம்பித்துத் திரும்பவும் பசுவுக்கே வந்து சேர்ந்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு நிதானமான சிங்களத்தில் சொன்னார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“உங்கள் பசு பாஸ். நீங்கள் பெயில்.”

போஸ்ட்மாஸ்டர் எழுதாத பரீட்சை

போஸ்ட்மாஸ்டருக்கும் அதே சுற்றறிக்கைதான். அவர் புத்தகம் வாங்கவில்லை, வகுப்புக்கு வரவில்லை. என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வினைகளை மட்டும் தினமும் கேட்டுப் பிழை திருத்துவார். கேட்டுக் கேட்டே அவருக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. எழுதினால் என்னை விட நல்ல புள்ளி வாங்கியிருப்பார். அதற்குப் பதிலாக முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிப் போட்டார்.

அவர் போன நாளன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஒரு தரம் போய் உட்கார்ந்து எழுதினால் என்ன என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“நான் இங்கிலிசை வயித்துக்காகப் படிச்சன் தம்பி. திரும்பவும் ஒருக்கா வயித்துக்காகப் படிக்க எனக்கு ஏலாது. நீர் பிள்ளைகுட்டிக்காரர், படியும்.”

தந்தி

கடைசித் தவணை. அதே அறை, அதே வெள்ளைச் சட்டை. பசு வந்திருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். சரி, நான் உங்கள் கவுண்டருக்கு ஒரு தந்தி அடிக்க வந்திருக்கிறேன், அங்கே எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசுங்கள் என்றார். மேசையில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, அம்மாவுக்குச் சுகமில்லை, தம்பி பூண்டுலோயாவில் இருக்கிறான், அவனுக்கு அறிவிக்க வேண்டும் என்று சிங்களத்தில் இழுக்க ஆரம்பித்தார்.

தந்திக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சாய்வார்கள், அப்படித்தான் இழுப்பார்கள். என் கை தானாகப் பேனாவைத் தேடியது. அம்மாவுக்கு ரொம்ப முடியலையா, லேசா முடியலையா, அதைப் பொறுத்துத்தான் எழுதணும் என்று கேட்டேன். ரொம்ப முடியலைங்க என்றார் அவர். அப்போ உடனே வரவும்னு மட்டும் போதும், மத்ததெல்லாம் வந்து தெரிஞ்சுக்கட்டும் என்றேன். பெயர், விலாசம் எல்லாம் கேட்டு முடித்து, அடுத்த ஆள் வாங்க என்று சொன்ன பிறகுதான் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்து பரீட்சையைக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். நான் பேசியது முழுக்கத் தமிழ். பரீட்சகர் பதில் சொன்னதும் தமிழ்.

வாடகை வீடும் பாக்கியத்தின் முகமும் கண் முன்னால் வந்தன. சாய்ந்திருந்த பரீட்சகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, இப்போது நாம் இருவரும் பேசியதைச் சிங்களத்தில் சொல்லுங்கள் என்றார். ஆறு வாலும் மறந்துபோய்விட்டன. சோமபால முதலாளியின் கடைச் சிங்களத்தில், ஒரே ‘கரனவா’வை வைத்துக்கொண்டு, அந்த இல்லாத அம்மாவின் நோயை முழுசாகச் சொல்லி முடித்தேன். மனப்பாடம் பண்ணாத ஒரு விஷயத்தை அந்தப் பாஷையில் நான் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் தாளில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிவிட்டு, தான் எங்கள் பக்கத்துப் பொகவந்தலாவையில் பிறந்து வளர்ந்த சில்லறைக் கடைக்காரர் மகன் என்றார். அதற்கப்புறம் எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்:

“கவுண்டர்ல எப்பிடிப் பேசுவீங்களோ அப்பிடிப் பேசச் சொன்னேன். அப்பிடித்தானே பேசினீங்க. பாஸ், போங்க.”

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை அதே கவுண்டரில்தான் இருந்தேன். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இத்தனை பாடுபட்டுப் படித்த பாஷை, அந்த வேலையைச் செய்ய மட்டும் எனக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை.