தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மாமாவின் முன்பற்கள் இரண்டு போனது நிஜம். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றும் கொட்டகையில் எனக்கு இரவு வேலை. இருக்கைகளைக் கழற்றுவோம். ஜன்னல்களைத் தகடு போட்டு அடைப்போம். விமானி அறைக்குப் பின்னால் கனமான தடுப்புச் சுவர் ஒன்றை நிறுத்துவோம். விமானம் எதிலாவது மோதினால் சரக்கு முன்னால் பாய்ந்து விமானிகளை நசுக்காமல் காப்பது அதுதான். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் இந்த மாமா, என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு வேலை வாங்கித் தந்தவரும் அவரே.

சுவரின் போல்ட்டுகளை அவர் கண்ணால் பார்த்த பிறகே அவற்றை மறைக்கும் மேல்பலகையை மூட வேண்டும். பகல் ஆட்கள் அவசரத்தில் மூடிவிட்டார்கள். திறந்தால் இரண்டு நாள் வீண்.

"படம் எடுத்து வச்சிருக்கோம். கையெழுத்தப் போடுங்க," மேலாளர் போனில் கத்தினார். "முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் இருக்கு."

"போட்டோவ மட்டும் பாத்துப் பொண்ணு கட்டுற கதையால்ல இருக்கு," என்றேன் மாமாவிடம்.

"உங்கக்காவ அப்படித்தான்டா கட்டுனேன், மாப்ள. இன்னும் அனுபவிக்கிறேன்."

சிரித்தபடி தாளைச் சுவரில் வைத்துப் பேனாவைத் திறந்தார். மணி 2.10.

டம்.

சுவருக்கு அந்தப் பக்கம். விமானி அறை. அங்கே யாரும் இல்லை. அந்தப் பக்கத்து வெளிக்கதவைப் பூட்டியவன் நான்தான்.

டம்... டம்... பிறகு அலறல். ஆண் குரல்.

சுவரிலிருந்த சிறு கதவு திறந்தது. ஒரு கை வந்தது. விமானிகள் அணியும் கறுப்புக் கோட்டு. மணிக்கட்டில் தங்கநிறப் பட்டைகள். விரல்கள் நசுங்கித் தொங்கின.

அந்த விரல்களே மாமாவின் சட்டையைப் பிடித்தன. இழுத்தன. முகம் சுவரில் மோதியது.

மறுபடியும்.

மறுபடியும்...

இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்தது.

"போடல! நான் போடலடா!" மாமா கத்தினார்.

கை விட்டது.

உள்ளே டார்ச் அடித்தேன். வெற்று அறை. ரத்தம் எங்கள் பக்கம் மட்டுமே.

பலகையைத் திறக்காமல் கையெழுத்து இல்லை என்றார் மாமா, வாயில் துணியை அழுத்திக்கொண்டு. காலையில் அவர் வேலை போனது. நானும் வெளியேறினேன். மதியத்துக்குள் வேறொருவர் கையெழுத்திட்டார். பலகையைத் திறக்கவில்லை.

அந்த விமானத்தில் முன்பு யாராவது செத்திருப்பார்களோ என்று விசாரித்தேன். ஒருவர்கூட இல்லை.

நான்காம் மாதம் அந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி மோதியது. சுவர் பிடுங்கிக்கொண்டது. விமானிகள் இருவரும் அங்கேயே நசுங்கிச் செத்தார்கள்.

நாங்கள் அலறல் கேட்ட இரவில், அந்த இருவரும் உயிரோடு இருந்தார்கள்.