மூவாயிரம் கிலோ நீர்யானை

மிருகக்காட்சிசாலையின் தீவனக் கிடங்கைக் கவனித்துவந்தவருக்கு அங்கே கிலோக்காரர் என்றுதான் பெயர். கரடிக்குக் கேரட் நிறுத்தாலும் கிளிக்குக் கடலை நிறுத்தாலும், தராசு முள் ஆடாமல் நிற்கும்வரை மூச்சுவிட மாட்டார். வீட்டிலும் அதே கதைதான். டீயில் சர்க்கரை போடும் மனைவியின் கையையே உற்றுப் பார்ப்பார். "பேசாம ஒரு தராசையே கட்டியிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டினீங்க?" என்று அந்த அம்மாள் கரண்டியை டம்ளரில் ணங்கென்று தட்டுவாள்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த நீர்யானை வந்து விழுந்தது.

கடல் கடந்த ஒரு மிருகக்காட்சிசாலை, தன்னிடம் உபரியாக இருந்த பெண் நீர்யானையைத் தர முன்வந்தது. இயக்குநர் போனில் பேசினார். எடை எவ்வளவு என்று கேட்டார். மூவாயிரம் என்று பதில் வந்தது. மூவாயிரம் என்ன என்று திருப்பிக் கேட்பது பதவிக்கு அழகில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "பேஷ்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கோப்பில் மூவாயிரம் கிலோ என்று ஏறியது. அதற்குத் தக்கபடி குளம் வெட்டினார்கள். துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கும் ராட்சத கிரேனை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள்.

கூண்டு வந்த அன்று கிரேன் ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு விசையை இழுத்தார். கூண்டு பஞ்சு மூட்டைபோல விருட்டென்று மேலே போனது. கூடியிருந்தவர்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள். லாரி எடை மேடையில் நிறுத்திப் பார்த்தால் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது கிலோ.

அவசரமாகக் குழு கூடியது.

"கடல் பிரயாணம் பாருங்க, பாதி உடம்பு கரைஞ்சிருக்கும்" என்றார் ஒரு உறுப்பினர்.

"பிறந்த இடத்தை விட்டு வந்த ஏக்கம் வேற" என்றார் இன்னொருவர். அவர் குரல் தழுதழுத்தது.

பாதிக்கு மேல் இளைத்த விலங்கு எப்படிப் பளபளவென்று உருண்டு திரண்டு நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசிக்குள் நீர்யானையை அதன் பழைய எடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. பொறுப்பு கிலோக்காரருக்கு. தவறினால் அவருடைய பதவி உயர்வு கோவிந்தா.

அவர் வண்டி வண்டியாகப் புல்லைக் கொட்டினார். பூசணிக்காயை உருட்டிவிட்டார். தர்ப்பூசணியை முழுசாக வாய்க்குள் போட்டார். நீர்யானையும் முதல் இரண்டு நாள் மரியாதைக்குச் சாப்பிட்டது. பிறகு வயிறு நிறைந்ததும் வாயை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடும். கரையில் உட்கார்ந்து இவர் கெஞ்சுவார்.

"தாயி, எனக்காக இன்னும் ஒண்ணே ஒண்ணு. நான் புள்ளகுட்டிக்காரன்."

தண்ணீருக்கு மேலே இரண்டு காது மட்டும் தெரியும். அதுவும் ஒருமுறை துடித்துவிட்டு மறைந்துவிடும்.

கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. "அது ஏறக் காணோம், நீங்கதான் இறங்கிக்கிட்டே போறீங்க" என்று மனைவி அதட்டி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

எடை ஏறாததற்குப் பழைய எடை மேடைதான் காரணம் என்று குழுவுக்கு ஒரு ஞானோதயம். புதிய மின்சார மேடை வாங்கப்பட்டது. அதைப் பொருத்த வந்த மெக்கானிக், திருப்புளியைப் பல்லில் கடித்தபடி கேட்டான்:

"கிலோல வைக்கவா, பவுண்டுல வைக்கவா சார்?"

"அது என்னப்பா பவுண்டு?"

"நீங்க நீர்யானை வாங்கினீங்களே, அந்த ஊர்ல எல்லாமே பவுண்டுதான். ஒரு கிலோன்னா ரெண்டு பவுண்டுக்கு மேல வரும். இதோ, இந்தப் பட்டனை அமுக்கினா மாறிடும்."

கிலோக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பூசணிக்காய்களை எல்லாம் நினைத்து வயிறு எரிந்தது. ஓடிப்போய் இயக்குநரிடம் சொல்லலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? தப்பு இயக்குநருடையது. தண்டனை யாருக்கு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

மாதக் கடைசியில் குழு முழுவதும் வந்து நின்றது. நீர்யானை மேடையில் ஏறியது. கிலோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினார். மூவாயிரத்து இருபது என்று சிவப்பாக மின்னியது.

"சபாஷ்! இருபது கூடுதலாவே தேத்திட்டாரே!" என்று இயக்குநர் அவருக்கு மாலை போட்டார். மூவாயிரத்து இருபது என்ன என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு எடையைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விஷயம் அதோடு போயிருக்கும். நீர்யானைக்கு ஒரு கோரைப்பல் வளைந்து வளர்ந்து ஈறில் குத்த ஆரம்பித்தது. மயக்க ஊசி போட்டுப் பல்லை அறுக்க வெளியிலிருந்து டாக்டரம்மா வந்தார். மருந்தை எடுத்தபடியே கேட்டார்.

"எடை மூவாயிரம் கிலோதானே?"

"மூவாயிரத்து இருபது" என்று இயக்குநர் பெருமையோடு திருத்தினார்.

மருந்து ஊசிக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. கிலோக்காரர் மெல்ல முன்னால் வந்தார். குளத்தோரம் நின்ற நீர்யானை, இவரைக் கண்டதும் இன்னொரு பூசணிக்காய் வந்துவிட்டதோ என்று பயந்ததுபோல ஓரடி பின்வாங்கியது. அவர் கத்திவிட்டார்.

"டாக்டரம்மா, நிறுத்துங்க! அது கிலோ இல்ல, பவுண்டு! கிலோல பார்த்தா ஆயிரத்து முந்நூத்தி எழுபதுதான். பட்டனை மாத்தினது நான்தான்!"

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. "இந்த மருந்து போயிருந்தா இது எழுந்திருச்சே இருக்காது" என்று சொல்லிவிட்டு இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் ஆகாயத்தைப் பார்த்தார்.

பாதிக்கும் குறைவான மருந்தில் வேலை முடிந்தது. நீர்யானை எழுந்து, தள்ளாடி, குளத்துக்குள் இறங்கித் தும்மிய பிறகுதான் கிலோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் குழு கூடியது. கிலோக்காரரைத் தண்டித்தால் போன் பேச்சு வெளியே வரும். கோப்பைத் திருத்தினால் கிரேன் வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டும். வெகுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இனி இந்த நீர்யானைக்கு எடை இரண்டு. மருந்துக்கு ஒன்று, அறிவிப்புப் பலகைக்கு ஒன்று.

பலகை எழுதி நடுவதும் கிலோக்காரரின் வேலைதான். நட்டுவிட்டு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, குழந்தையைத் தோளில் தூக்கிவந்த ஒருவர் பலகையைப் படித்தார். நீர்யானையைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"என்னங்க, மூவாயிரம் கிலோன்னு போட்டிருக்கு. பார்த்தா அவ்வளவு தெரியலையே?"

"மிச்சம் தண்ணிக்குள்ள இருக்குங்க" என்றார் கிலோக்காரர்.