நைட்டிக்கு வந்த தடை

நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுவிட்டால் அது நைட்டி இல்லை, வெளியே போகிற உடுப்பு. படப்பையில் நாங்கள் குடியிருக்கும் நகரில் இது யாரும் எழுதி வைக்காத சட்டம். துப்பட்டா இல்லாமல் வாசல் தெளிக்கலாம், குப்பை வண்டியின் பின்னால் ஓடலாம். துப்பட்டாவோடு மளிகைக் கடை, ரேஷன் கடை, மாவு மில், ஏன், அவசரமென்றால் ஷேர் ஆட்டோ ஏறி மருந்துக் கடை வரைக்கும் போய் வரலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியவர்களும் அதே கோலத்தில்தான் நிற்பார்கள். துப்பட்டாவின் நிறம் நைட்டியோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பச்சைப் பூப்போட்ட நைட்டிக்கு ஆரஞ்சுத் துப்பட்டா போட்டுக்கொண்டு நான் பல மாதம் ஊரை வலம் வந்திருக்கிறேன்.

அந்தச் சட்டத்தை ஒரு திங்கட்கிழமை காலையில் என் மகள் ரத்து செய்தாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது, யுகேஜி படித்துக்கொண்டிருந்தாள். மெயின் ரோட்டில் டீக்கடைப் பக்கம் பள்ளி வேனுக்காக நின்றுகொண்டிருந்தோம். என் இடுப்பில் இரண்டு வயதுப் பையன், தோளில் அவளுடைய பை, கையில் சாப்பாட்டுக் கூடை. அவள் என்னைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள்.

"அம்மா, நாளைலேர்ந்து நீ வராத. அப்பா வரட்டும்."

"ஏன்டி?"

"நீ நைட்டி போட்டுகினு வர்ற. எல்லாரும் பாக்கறாங்க. அவங்க அம்மாவ பாரு, எப்டி கீறாங்க."

'அவங்க அம்மா' என்பது அவளுடைய வேன் சிநேகிதியின் அம்மா. புது அபார்ட்மெண்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். இஸ்திரி மடிப்புக் கலையாத குர்தா, தலையில் ஒரு கிளிப், கறுப்புக் கண்ணாடி. மகளை இறக்கிவிட்டு அப்படியே ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ ஆபீசுக்குப் போய்விடுவார். அவரைப் பார்த்தால் காலையில் அந்த வீட்டில் தோசை சுட்டார்கள் என்றே யாரும் சந்தேகப்பட முடியாது.

எனக்கு முதலில் வந்தது கோபம். பெற்று, வளர்த்து, ரெட்டைச் சடை பின்னி, ஷூ லேஸ் கட்டிக் கூட்டிவந்தால், கழுதைக்குப் பேச்சைப் பார். கோபம் வீடு போய்ச் சேருவதற்குள் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் வந்தது வெட்கம். அப்பா வரட்டும் என்று அவள் சொன்னாலும் அப்பாவால் வர முடியாது. கம்பெனியில் ஏ ஷிஃப்ட் என்றால் விடியும் முன்னே பஸ் ஏறியிருப்பார், பி ஷிஃப்ட் என்றால் நள்ளிரவில் வந்து அசந்து தூங்குவார், சி ஷிஃப்ட் என்றால் அப்போதுதான் வந்து படுத்திருப்பார். ஆகவே மறுநாளும் நான்தான் போனேன். அவள் கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் போய்த் தனியாக நின்றுகொண்டாள், யாரோடும் வராத பிள்ளை மாதிரி. எனக்கு அது சகிக்கவில்லை. அவள் பழையபடி என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பீரோவைத் திறந்து பார்த்தபோது ஒன்று விளங்கியது. எனக்கென்று நான் உடுப்பைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. பள்ளியில் யூனிபார்ம். பள்ளி முடித்ததும் செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. அங்கே கோட்டு, தொப்பி, செருப்பு வரைக்கும் அவர்களே கொடுத்தார்கள். கண்ணைத் தவிர வேறெதுவும் வெளியே தெரியாத வேலையில் ஸ்டைல் எதற்கு? கல்யாணம், குழந்தை, அப்புறம் நைட்டி. அதுவும் ஒரு யூனிபார்ம்தான், கம்பெனிதான் வேறு.

முதல் நாள் சேலை கட்டினேன். மகள் கம்பத்தடியிலிருந்தே கேட்டாள், "கல்யாணத்துக்கா போற?" இரண்டாம் நாள் வெள்ளைக் குர்தா. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பார்கள். கசக்கித்தான் கட்டினேன். தெருமுனை திரும்புவதற்குள் பையன் வாயிலிருந்த தக்காளித் தொக்கை என் தோளில் துடைத்துவிட்டான். தொங்கட்டான் போட்டதற்கு அவன் அதைப் பிடித்து ஊஞ்சலாடினான். நாடா வைத்த பேண்ட் போட்டதற்கு, நடுரோட்டில் நாடா தளர்ந்து, ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் மானமுமாக நின்றேன். ஆள் பாதி, ஆடை பாதி என்று சொன்னவர் இடுப்பில் பிள்ளையோடு நின்று பார்த்தவர் இல்லை.

இத்தனைக்கும் பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. அழுக்கு தெரியாத நிறம் வேண்டும். தொங்குவது எதுவும் கூடாது. குனிந்தால் ஏறக் கூடாது, நிமிர்ந்தால் இறங்கக் கூடாது. முக்கியமாக பாக்கெட் வேண்டும். கருநீலத்தில் இரண்டு குர்தாத் துணி எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் இருக்கும் டெய்லரிடம் போனேன்.

"பாக்கெட்டா?" என்றார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து. "பாக்கெட் வெச்சா ஃபிட்டிங் போய்டும்மா. லேடீஸ் யாரும் கேக்க மாட்டாங்களே."

"நான் கேக்கறேன்ல, வைங்கண்ணா."

"அதுல இன்னாத்த வெப்ப?"

போன், சாவி, கைக்குட்டை, பையன் பாதி கடித்துத் தருகிற பிஸ்கட், வழியில் அவன் பொறுக்கும் கல், மகள் வேண்டாமென்று உருவித் தரும் ஹேர்பேண்ட் என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கோபத்தில் தைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு பாக்கெட்டிலும் அரைப்படி அரிசி கொட்டலாம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தக் குர்தாவைப் போட்டுக்கொண்டு, முடியைத் தூக்கி ஒரு கிளிப் போட்டு, பையனை இறக்கி நடக்கவிட்டு, கையை வீசி நடந்தபோது, எனக்கும் இரண்டு கை இருப்பது நினைவுக்கு வந்தது. மகள் கம்பத்தை விட்டு டீக்கடை பெஞ்சு வரைக்கும் நெருங்கி வந்தாள். "பரவால்ல" என்றாள். மாமியார்கூட என்னிடம் அந்தத் தொனியில் பேசியதில்லை.

பரவாயில்லை என்பது எனக்குப் போதவில்லை. வெற்றி கிட்டத்தில் வந்ததும் ஆசை பெரிதாகிவிட்டது. போனில் படம் படமாகத் தள்ளிப் பார்த்ததில், டீஷர்ட்டுக்கு மேல் ஓர் ஆண் சட்டையைப் பொத்தான் போடாமல் விட்டு, கையை முழங்கை வரை மடித்து, ஜீன்ஸ் போட்ட ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் ஒரு பிள்ளை. இவ்வளவுதானா, சட்டைக்கா எங்கள் வீட்டில் பஞ்சம் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் கொடியில் காய்கிற துணியைப் பார்த்தே எந்த வீட்டில் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். வருடா வருடம் புது யூனிபார்ம் தருவதால் பழைய சட்டைகள் குவிந்துபோகும். பைக் துடைக்க அதுதான், கால் மிதிக்க அதுதான், தலையணை உறையும் அதுதான். என் கணவரின் சட்டைகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கினேன். சாம்பல் நிறம், தோளில் மெல்லிய சிவப்புக் கோடு. பாக்கெட்டின் மேல் தைத்திருந்த கம்பெனி அடையாளத்தை பிளேடால் மெதுவாகப் பிரித்தேன். பிரித்த இடம் மட்டும் புதுசாகப் பளிச்சென்று இருந்தது. போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

கணவர் சி ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் உள்ளே நுழைந்தார். "இன்னா, கம்பெனி லைனுக்கு கெளம்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த பையன் பக்கத்தில் போய் விழுந்தார். அந்தக் கேள்வியை நான் கேலி என்று எடுத்துக்கொண்டேன். அவர் தூக்கக் கலக்கத்திலும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

பையன் இல்லாமல் ஸ்டாப்புக்குப் போனது நீண்ட நாளில் அன்றுதான். மகள் என்னோடு கைகோத்து வரவில்லை என்றாலும் ஓரக்கண்ணால் சட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டாப்புக்கு வந்ததும் டீக்கடைக்குப் பின்னால் இருந்த நாய்க்குட்டியைப் பார்க்க ஓடினாள். நான் அவளுடைய பையைத் தோளில் மாட்டி, சாப்பாட்டுக் கூடையைக் கையில் பிடித்து, ரோட்டைப் பார்த்து நின்றேன்.

பகல் ஷிஃப்ட்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ் ஒன்று வேகமாக வந்தது. என்னைத் தாண்டப் போகிறது என்று நினைத்தால், சரியாக என் முன்னால் நின்று கதவைத் திறந்தது. டிரைவர் அந்த ரூட்டுக்குப் புதுசு.

"ஏறும்மா, ஏறு! நின்னு வேடிக்க பாத்துகினு கீற. ஏற்கெனவே லேட்டு."

முதல் சீட்டில் அதே சாம்பல் சட்டையோடு இருந்த பெண், தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவள் போல, தன் பையை மடிக்கு எடுத்து இடம் விட்டாள். "யக்கா, வெரசா வாங்க. இங்கன ஒக்காருங்க, நேரமாயிட்டுல்லா."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கால் படியில் ஏறிவிட்டது. கல்யாணத்துக்கு முன் வருடக்கணக்கில் அப்படி ஏறிய கால். கதவு திறந்தால் ஏறத்தான் அதற்குத் தெரியும். பஸ்ஸுக்குள் தேங்காயெண்ணெய் வாசம், மல்லிகை வாசம். பாதிப் பேர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் ஒரகடம் வரைக்கும் என்னை யாரும் தண்ணீர் கேட்க மாட்டார்கள், மூக்கைத் துடைத்துவிடச் சொல்ல மாட்டார்கள். போய்விடலாம் போலிருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே போய்விடலாம் போலிருந்தது.

"அம்மா! போவாத!"

டீக்கடைப் பக்கமிருந்து ஓடி வந்தவள் இரண்டு கையாலும் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். நான் காலைக் கீழே வைத்தேன்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "கொழந்தய இன்னாத்துக்கும்மா இட்டாந்த?"

"நான் உங்க கம்பெனி இல்லண்ணா. இது எங்க வூட்டுக்காரர் சட்ட."

டிரைவர் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் பஸ்ஸே சிரித்தது. தூங்கியவர்கள் எழுந்து, என்னவென்று கேட்டு, அவர்களும் சிரித்தார்கள். "ஒரு சட்டைய மாட்டிகினு என் வண்டிய லேட் பண்ணிட்டியேம்மா" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். பஸ் நகர்ந்தபோது அந்தப் பெண் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "யக்கா, சட்ட ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்கு!"

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகள் சட்டையை விடவில்லை. முகத்தை என் இடுப்பில் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"இந்த சட்ட வேணாம். நீ நைட்டியே போட்டுக்கோ."

"நைட்டின்னா எல்லாரும் பாக்கறாங்கன்னு சொன்னியேடி?"

"பாக்கட்டும். பஸ்ஸு இட்டுகினு போவாதுல்ல."

நடுரோட்டில் மண்டிபோட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். ஸ்கூட்டர் அம்மா அப்போதுதான் வந்து இறங்கினார். நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, நான் கவலைப்படவில்லை. வேன் வரும்வரை மகள் என்னை ஒட்டியே நின்றாள். எத்தனை உடுப்பு மாற்றியும் கிடைக்காதது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் கை சட்டைத் துணியை இறுக்கியிருந்த விதம் எனக்குச் சந்தோஷத்தை மட்டும் தரவில்லை.

வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேன் ஆயா கதவைச் சாத்துவதற்குள் சிநேகிதியிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கம்மாவ கம்பெனி பஸ்ஸு வந்து கூப்ட்டுச்சு, தெரியுமா? டிரைவர் அங்கிளே கூப்ட்டாரு. ஒரு அக்கா எடம்லாம் குடுத்தாங்க."

அந்தப் பிள்ளை கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது. "அப்ப உங்கம்மா ஏன் போவல?"

"எங்கம்மா போவ மாட்டாங்க. என்ன வுட்டுட்டு எங்கயும் போவ மாட்டாங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். நான் கையசைத்தேன். பஸ் நின்றதற்காக அவள் ஓடி வரவில்லை. என் கால் படியில் ஏறியதைப் பார்த்துத்தான் ஓடி வந்தாள். அதை மட்டும் அவள் சிநேகிதியிடம் சொல்லவில்லை.