நம்ம பக்கம் பந்து வந்தா

கால்பந்து எனக்குப் பிடிக்காது. கால்பந்து பிடித்தவர்களையும் பிடிக்காது. எங்கள் தொழிலாளர் கேம்ப்பில், ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் இரண்டு கிளப்புகளுக்காக இரண்டு பேர் மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். ஒருவன் அரியலூர், இன்னொருவன் கடலூர். ஒரே அறை, ஒரே இரும்புக் கட்டிலில் மேலே ஒருவன், கீழே ஒருவன். மேல்கட்டில்காரனின் துண்டு கீழே தொங்கினால் கீழ்க்கட்டில்காரன் என்னிடம் வந்து புகார் சொல்வான். நான் வளைகுடாவில், ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் டைம்கீப்பர். யார் டூட்டிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுவதுதான் என் வேலை. ஆனாலும் இந்தத் துண்டு வழக்கெல்லாம் என்னிடம்தான் வரும்.

எங்கள் கிடங்கின் கேட்டில் ஒரு செக்யூரிட்டி இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலில் ஒரு தீவு நாடு அவருடையது. பெயரைச் சொன்னால் நீங்கள் உடனே போனை எடுத்துத் தேடுவீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். நானும் தேடித்தான் பார்த்தேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அலுத்துப்போகும் நேரத்தில் நான்கு புள்ளிகள் தெரிந்தன. அதுதான் நாடாம். அதற்கு ஒரு ஜனாதிபதி, ஒரு கொடி, ஒரு தேசிய அணி.

விடுவேனா நான்? தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரிடம்தான் என் கச்சேரி ஆரம்பமாகும். எங்களுக்குள் இருந்தது ஒழுங்கான பாஷை இல்லை. பாதி இந்தி, கால்வாசி அரபி, மிச்சத்துக்குக் கை. இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"உங்க நாட்டுல இன்னிக்கு எல்லாரும் இருக்காங்களா? எண்ணிப் பாத்தீங்களா?" என்பேன்.

"இருக்காங்க சதீக், நான் ஒருத்தன்தான் குறையுறேன்" என்பார். சதீக் என்றால் நண்பன்.

நான் சத்தம் போட்டுச் சிரிப்பேன். என் சிரிப்பு கொஞ்சம் விசேஷமானது. முதலில் மூக்கில் ஆரம்பித்து, நடுவில் மூச்சு அடைத்து, கடைசியில் விக்கல் மாதிரி முடியும். கேம்ப்பில் யாரைக் கேட்டாலும் நடித்துக் காட்டுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரித்ததால் அந்தக் கேலி அவருக்கும் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆறு வருஷமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு டிசம்பர் காலையில் அவர் கேட்டுக்கு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய நாட்டு அணி இங்கே வருகிறதாம். வேறொரு நாட்டு அணியுடன் ஒரே ஒரு நட்பு ஆட்டம். அவருடைய தம்பிதான் கோல்கீப்பர்.

"வீட்டுக்கு ஒருத்தரை டீமுக்கு அனுப்பணும்னு உங்க நாட்டுல சட்டமா?" என்றேன்.

அன்று அவர் சிரிக்கவில்லை. அவர் இங்கே வந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தானாம். ஆறு வருஷமாக நேரில் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கிற நாளில் அவருக்குப் பகல் டூட்டி. லீவு கேட்டார், அவருடைய செக்யூரிட்டி கம்பெனி மாஃபி, கிடையாது, என்று சொல்லிவிட்டது. அணி வேறு எமிரேட்டில் தங்கப் போகிறது, ஆட்டம் முடிந்த மறுநாளே கிளம்புகிறது. எந்தச் சேனலிலும் ஆட்டத்தைக் காட்டப் போவதில்லை. ஊரில் அம்மா படுத்த படுக்கை. இளைய மகன் நாட்டுக்காக நிற்பதை அந்த அம்மா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மதியமே புரிந்தது. கேம்ப் பாஸ் என்னைக் கூப்பிட்டார். கேம்ப் பாஸ் என்பது ஒரு பதவி. குழாயில் தண்ணீர் வராத நாளில் அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பெரிய மனிதர் யாராவது வந்தால் முதல் ஆளாகப் பூங்கொத்தோடு நிற்பார். திருநெல்வேலிக்காரர்.

"லீவு நாள்ல சும்மா ரூம்ல கெடந்து என்ன செய்யப் போறிய? ஃபுட்பால் மேட்ச் இருக்கு. பஸ்ஸு, பிரியாணி, டீசர்ட்டு எல்லாம் ஃப்ரீ. நூறு பேரு வேணும். லிஸ்ட் போட்டுத் தாங்க" என்றார்.

வளைகுடாவில் இது புதிதல்ல. எங்கேயாவது நாற்காலி காலியாக இருந்தால் அதை நிரப்ப ஆள் தேடி கேம்ப்புக்குத்தான் வருவார்கள். மாரத்தான் ஓட்டத்துக்குக் கை தட்டியிருக்கிறோம், கொடி நாளுக்குக் கொடி ஆட்டியிருக்கிறோம், என்ன திறக்கிறார்கள் என்றே தெரியாமல் ஒரு திறப்பு விழாவில் எழுந்து நின்றிருக்கிறோம். போட்டோவில் கூட்டம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முகம் தெரிய வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. இந்த முறை அந்தத் தீவு நாட்டு ரசிகர்கள் நாங்கள்.

கேட்டுக்காரர் அதை எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார். "சதீக், நீங்க போறீங்க. என் தம்பியைக் கொஞ்சம் வீடியோ எடுத்துட்டு வாங்க. அம்மாவுக்கு அனுப்பணும். அவன் கோல்ல நிக்கிற மாதிரி, கிட்ட இருந்து. உங்களுக்கு ஃபுட்பால் தெரியும்ல?"

"தெரியாம என்ன? எங்க ஊர்ல நான் ஆடாத ஆட்டமா?" என்றேன். எங்கள் ஊர்ப்பக்கம் நான் ஆடியது கபடி. அதிலும் பாதி நேரம் வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதியவன். ஆனால் கண்டிப்பாக எடுத்து வருகிறேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

ஆட்டத்தன்று மத்தியானம் இரண்டு பஸ்ஸில் கிளம்பினோம். பஸ்ஸிலேயே ஆட்டுவதற்கு ஆளுக்கு ஒரு சின்னக் கொடியும், போட ஒரு டீசர்ட்டும் கொடுத்தார்கள். பச்சை நிறம். எல்லாம் ஒரே அளவு, எக்ஸ்ட்ரா லார்ஜ். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு முழங்கால் வரை வந்தது. எதற்குப் போகிறோம் என்று தெரியாத நூறு பேர், பெயர் சொல்லத் தெரியாத ஒரு நாட்டின் குடிமக்களாக இறங்கினோம். எங்களை ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே, பத்தடி தள்ளி, வரிசையாக உட்கார வைத்தார்கள்.

அணியைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவர்கள் வந்த பஸ் எங்கள் கேம்ப் பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் நல்ல பஸ். ஒருவர் முதுகில் இருந்த நம்பரை டேப் ஒட்டி மாற்றியிருந்தார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் நான்கே பேர். பயிற்சியாளரே பந்துகளை ஒரு வலைப் பையில் போட்டுத் தோளில் சுமந்து வந்தார். "சந்தைக்கு வெங்காயம் கொண்டு வர்றாரு" என்றேன். என் வரிசை முழுக்கச் சிரித்தது. தேசிய கீதம் போட்டபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாதிப்பேர் மரியாதைக்கு, பாதிப்பேர் பிரியாணி வந்துவிட்டதோ என்று.

அதற்குள் ஒரு சிக்கல். எங்கள் சட்டை பச்சை. ஆனால் அன்று அந்த அணி வெள்ளை உடையில் இறங்கியிருந்தது, எதிரணி சிவப்பு.

அரியலூர்க்காரன் பின்னால் திரும்பி, "அண்ணே, பச்சை எங்கண்ணே? நம்மாளுங்க யாரு?" என்று கேட்டான். அவனுடைய கிளப்புக்காக மூன்று மாதம் மௌன விரதம் இருந்தவன் அவன்.

காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் வந்து, எங்கள் அணி முன்னேறும்போதெல்லாம் சத்தம் போட வேண்டும் என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொல்லிவிட்டுப் போனாள். அதை ஆட்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது என் பொறுப்பு. வெள்ளை, சிவப்பு, முன்னேறுவது என்று யார் விளக்கிக்கொண்டிருப்பது? கிடங்கில் கிரேன்காரருக்குச் சொல்வது மாதிரி ஒரே வரியில் சொன்னேன்.

"நம்ம பக்கம் பந்து வந்தா கத்துங்க. அந்தப் பக்கம் போனா சும்மா இருங்க. கலாஸ், அவ்வளவுதான்."

முதல் பாதியில் அது சரியாகவே நடந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தது எதிரணியின் கோல். பந்து பக்கத்தில் வந்தால் நூறு பேரும் எழுந்து கத்தினார்கள். நம் ஆட்களுக்குக் கத்தச் சொல்லித்தர வேண்டுமா? புதுப்படத்துக்கு முதல் நாள் அடிக்கிற விசில் எல்லாம் வந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு கூட்டம் வந்து கத்தியது அதுவே முதல் தடவையாக இருக்கும். இல்லாத பலத்தை எல்லாம் வரவழைத்துக்கொண்டு ஓடினார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது யாருக்கும் கோல் இல்லை. தம்பிக்காரர் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றார். போனில் எடுத்தால் கட்டைவிரல் அளவுகூட இல்லை.

இடைவேளை முடிந்ததும் அணிகள் பக்கம் மாறின. இப்போது தம்பிக்காரர் எங்கள் முன்னால் வந்து நின்றார். அண்ணனுடைய அதே நெற்றி, அதே நீளக் கை. கம்பத்தில் கையுறையைத் தட்டிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நூறு பச்சைச் சட்டை, நூறு கொடி. அவர் வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைத் தாழ்த்தி ஒரு வணக்கம் வைத்தார்.

நான் போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டேன்.

சிவப்புக்காரர்கள் பந்தோடு எங்கள் பக்கம் வந்தார்கள். நூறு பேரும் எழுந்து கத்தினார்கள். சொன்ன வேலையைச் செய்கிற ஆட்கள். தம்பிக்காரர் சட்டென்று திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்தார்.

அரியலூர்க்காரனுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. "அண்ணே, ஆளு மாறி நிக்கிறாங்களே. இப்பவும் நம்ம பக்கம் வந்தா கத்தணுமா?"

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. விளங்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வரிசை வரிசையாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் எனக்கு அது அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. ஒரு நாடு, அதற்கு ஒரு கோல்கீப்பர், அவருக்கு எதிராகவே கத்துகிற அவருடைய ரசிகர்கள். இதைவிடப் பெரிய தமாஷ் எங்கே கிடைக்கும்?

"கத்துங்கப்பா. பிரியாணிக்குத்தானே கத்துறோம்" என்றேன்.

முதல் கோல் விழுந்தது. எங்கள் பக்கம் திருவிழா. தம்பிக்காரர் வலைக்குள் கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்று எங்களைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். அவர் யாரையோ தேடுகிற மாதிரிப் பார்த்தார். இரண்டாவது கோலுக்கும் திரும்பினார். மூன்றாவது விழுந்தபோது திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே குனிந்து பந்தை எடுத்து நடுவே எறிந்தார். அந்த மூன்றும் என் வீடியோவில் இருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்தே அதைக் கேட்டுக்காரருக்கு அனுப்பினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. கிட்ட இருந்து எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன், ஒரு உபகாரம் செய்தாயிற்று என்ற நிம்மதியில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். கறித்துண்டு ஒன்றுதான் இருந்தது. கேம்ப் வரும்வரை அதைப் பற்றித்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கேட்டில் அவர் வழக்கம்போல நின்றிருந்தார். என் பையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நன்றி சதீக். நல்லா கிட்ட இருந்து எடுத்திருக்கீங்க. அம்மாவுக்கு அனுப்பிட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"பிள்ளை நல்லா வளந்துட்டான்னு சொன்னாங்க." தன் நோட்டைத் திறந்தார். "சத்தத்தை எடுத்துட்டுத்தான் அனுப்பினேன்."

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. அவர் அதன் நம்பரை நிதானமாக எழுதிக்கொண்டே பேசினார்.

"தம்பி போன் பண்ணினான். அந்தப் பச்சைச் சட்டைக்காரங்க நம்ம நாட்டு ஆளுங்களான்னு கேட்டான். அப்படி நாங்க என்ன தப்பு பண்ணினோம்னு கேட்டான். இல்லடா, அவங்க நம்மாளுங்க இல்ல, விவரம் தெரியாத ஜனங்கன்னு சொல்லி வெச்சேன்."

"ஆமா, பாவம், எங்க ஆளுங்களுக்கு ஃபுட்பால் எங்க தெரியும்?" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அப்படித்தான் வேலை செய்தது.

அவர் தடுப்புக் கம்பியைத் தூக்கி லாரியை உள்ளே விட்டார்.

டைம் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதல் தடவையாக அந்த வீடியோவை ஓட்டினேன். நூறு பேர் கத்துவது தூரத்தில்தான் கேட்டது. அதற்கெல்லாம் மேலே, போனை ஒட்டி, மூக்கில் ஆரம்பித்து, மூச்சு அடைத்து, விக்கலில் முடிகிற சிரிப்பு. மூன்று கோலுக்கும் மூன்று தடவை. அதற்கும் முன்னால், கத்துங்கப்பா என்று தெளிவாக ஒரு குரல். தமிழ் அவருக்குத் தெரியாது.

யார் சிரித்தது என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் கேட்ட சிரிப்பு, அதைப் போய் அவர் கேட்க வேண்டுமா?