டிவி நேரம் சொன்ன ஜெபமணி அவர்கள்

ஜெபமணி அவர்கள் காலமான செய்தி முதலில் என் மனைவிக்குத்தான் வந்தது. இத்தனை வருடம் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். ஆனால் அவருடைய மகள் ஃபோனில் கேட்டது, "மைதிலி மாமி இருக்காங்களா?" என்றுதான். மைதிலி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் பொறாமை வந்தது. அஞ்சலிக் கட்டுரையில் இதையெல்லாம் எழுதலாமா தெரியவில்லை. ஆனால் இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வராது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் காஞ்சிபுரம் கேபிளில் ஒரு சேனல் காலியாகக் கிடந்தது. எந்தச் சேனலில் இப்போது என்ன ஓடுகிறது, அடுத்து என்ன வரும் என்பதை அதில் எழுத்தாக ஓடவிடலாம் என்று யோசித்தவன் நான். ஒரு பட்டுக்கடைக்காரர் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். ராப்பகலாக உட்கார்ந்து அதற்குப் புரோகிராம் எழுதியதும் நான்தான். எல்லாம் இலவசம், எங்களுக்கும் சம்பளம் கிடையாது. பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஜெபமணி அவர்கள், "வூட்ல சும்மாதான் குந்திக்கினு இருக்கேன் சார்" என்று வந்து சேர்ந்தார்.

பேப்பரில் வரும் நிகழ்ச்சி நிரலை அப்படியே அடித்தால் போதும் என்றேன். அவர் ஒப்பவில்லை. "பேப்பரு நேத்து அச்சடிச்சது சார். வண்டி லேட்டுன்னா அதுக்கு எப்டி தெரியும்?" என்றார். தெருத் தெருவாகப் போய், வீட்டுக்கு ஒரு சேனலை ஒப்படைத்தார். அந்த வீட்டில் எப்படியும் அந்தச் சேனல்தான் ஓடும். நேரம் மாறினால் எங்களுக்கு ஃபோன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையார்பாளையத்தில் நெசவு செய்யும் மரகதம் அம்மாள் ஒருநாள் கூப்பிட்டார்: "அண்ணே, கிரிக்கெட்டு முடியல, இழுத்துக்கினே போவுது. சீரியல் லேட்டுதான். தறியில இருக்கறவங்கள இப்பவே எழுந்துக்க வேணாம்னு போட்டுடுங்க." ஜெபமணி அவர்கள் அதை அப்படியே திரையில் போட்டார். அன்றிலிருந்து ஊர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஃபோனை நான் எடுத்தால், "அண்ணன் இல்லீங்களா? அப்புறம் பண்றேன்" என்று வைத்துவிடுவார்கள். மைதிலியும் சீரியல் நேரத்தை அவரிடம்தான் கேட்பாள். நான் வீட்டிலேயே இருக்கிறேனே என்றால், "நீங்க பேப்பர்ல இருக்கறதச் சொல்வேள். அவர் டிவில ஓடறதச் சொல்வார்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு கருட சேவையன்று ஊரே விடியற்காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டது. ஃபோனே வரவில்லை. இன்றைக்காவது பேப்பரைப் பார்த்துப் போடுங்கள் என்றேன். "யாரும் பாக்காதத எப்டி சார் போடறது?" என்றவர், திரையில் இப்படி எழுதினார்: "தகவல் சொல்கிறவர்கள் பெருமாளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். வந்ததும் சொல்வார்கள்." ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர் எழுதியது இது. சின்ன காஞ்சிபுரமே பேசிப் பேசி மகிழ்ந்தது. கோயிலில் கைங்கரியம் செய்யும் என் சித்தப்பா மகன், அவருக்கென்று கோயில் இட்லி எடுத்துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு ஒரு விள்ளல் கிடையாது. அவர்தான் பாதியைப் பிட்டு என் பக்கம் நகர்த்தினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் மறைந்த அன்று திரையில் நான் எழுதினேன்: "நமக்கெல்லாம் நேரம் சொல்லிவந்த ஜெபமணி அவர்கள் இன்று காலமானார்." ஃபோன் ஓயவில்லை. ஐயம்பேட்டையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தவர்கள்கூடச் செய்தி கேள்விப்பட்டு அங்கிருந்து கூப்பிட்டார்கள். மரகதம் அம்மாள் நெடுநேரம் அழுதுவிட்டு, "ஆமா, நீங்க யாரு பேசறது?" என்றார். பார்த்தசாரதி என்று பெயரைச் சொன்னேன். "அண்ணன்கூட இருந்தவரா? குடுத்துவச்சவருபா நீங்க" என்றார்.

போய் வாருங்கள், ஜெபமணி அவர்களே. என் பொறாமை இன்னும் தீர்ந்தபாடில்லை. நான் முந்திக்கொண்டு போயிருக்க வேண்டும். 'பார்த்தசாரதி சார் போய்விட்டார்' என்று நீங்கள் ஒரு வரி போட்டிருந்தால், நான் யாரென்றே தெரியாதவர்களும் அழுதிருப்பார்கள். அதையும் எனக்கு இல்லாமல் செய்துவிட்டீர்கள்.