பத்தாயிரத்து ஏழு டைல்ஸ்

டைல்ஸ் ஒட்டும் வேலையில் அவளுக்கு இருபது வருட அனுபவம். கூட வேலை செய்கிறவர்கள் மேஸ்திரியக்கா என்பார்கள். படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எந்தச் சுவரிலும் கரண்டி வைக்க மாட்டாள்.

ஒரு தொழிற்சாலையின் ஐம்பதாவது ஆண்டுக்காக, வாசல் சுவரில் அங்கே வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கொரு டைல், அதில் அவரவர் பெயர் என்று முதலாளி முடிவு செய்திருந்தார். மொத்தம் பத்தாயிரத்து ஏழு பேர். எல்லா வரிசையும் முழுசாக இருக்க வேண்டும், ஓர் இடமும் காலியாகத் தெரியக்கூடாது என்பது உத்தரவு.

காலி சிமென்ட் பையைக் கிழித்து, உள்பக்கத்தில் வகுக்கத் தொடங்கினாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று தொண்ணூற்றேழு வரை போனாள். எதில் வகுத்தாலும் மீதி நின்றது. அதற்குமேல் போக வேண்டியதில்லை. நீளம், உயரம் இரண்டுமே நூறைத் தாண்டினால் இத்தனை டைல்ஸ் போதாது.

மேலாளரிடம் போனாள்.

"சார், இது எதுலயும் வகுபடாத எண். முழு வரிசையா வராது."

"ஒரு செவ்வகம் போடத் தெரியாதா உனக்கு?"

"போடலாம் சார், ஒரே வரிசையா. ஒரு கிலோமீட்டருக்குச் சுவர் கட்டிக் குடுங்க."

மேலாளர் சிரிக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். ஒன்றைக் குறைத்தால் இரண்டே வரிசைதான் வந்தது. இரண்டைக் குறைத்தார். எண்பத்தேழு வரிசை, வரிசைக்கு நூற்றுப் பதினைந்து. முகம் மலர்ந்தது. பட்டியலின் கடைசி இரண்டு பெயர்களை அடித்தார். கழிப்பறை கழுவும் இரண்டு பெண்கள்.

"ஒண்ணு சேர்த்தாலும் வருது சார். எழுபத்திரண்டு வரிசை, நூத்தி முப்பத்தொம்பது."

"யாரைச் சேர்க்கச் சொல்றே?"

"போன வருஷம் மெஷின்ல கை போன அண்ணனை."

"அவன் இப்போ வேலையிலயே இல்ல."

"ஆள் இல்லதான். கை இங்கதானே போச்சு."

"சொன்னதை மட்டும் செய்."

அவள் செய்யவில்லை. டைல்ஸில் பெயர் எழுதுபவரிடம் சொல்லி, அடித்த இரண்டு பெயர்களையும் கை போனவரின் பெயரையும் எழுதி வாங்கினாள். முதல் வரிசையிலேயே அந்த மூன்று பெயர்களையும் பதித்தாள். வேலை முடிய ஒரு மாதமானது.

திறப்பு நாளன்றுதான் மேலாளர் வரிசைகளை எண்ணினார். எண்ணி முடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"அந்த மூணையும் பேத்து எடு."

"எடுக்கலாம் சார். மூணு ஓட்டை இருக்கும். முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவர் முதலாளி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

கை போனவர் மனைவியோடு வந்திருந்தார். குனிந்து தன் பெயரை வாசித்தவர், எழுத்தில் ஒரு கால் விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார்.

"கை போனது போதாதா தங்கச்சி, காலையும் எடுத்துட்டீங்களே."

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஸ்திரியக்கா தூரிகையைக் கொண்டுவரச் சொல்லி, மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து அந்தக் காலைப் போட்டாள்.

அந்தத் தொழிற்சாலையில் அவளை மறுபடி கூப்பிடவில்லை. அவளும் கேட்டுப் போகவில்லை.