ஈரொன்பது பதினெட்டு

பேத்தி நிலாவுக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது. சளி இல்லை, காய்ச்சலும் இல்லை. காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். கத்திக் கத்திக் கட்டிக்கொண்ட தொண்டை. நேற்று திருவெறும்பூரில் வேலை முடிந்து வரும் வழியில் காந்தி மார்க்கெட்டில் இறங்கி, நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கினேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது சட்டைப் பையிலிருந்து அதன் வாசனை மெல்ல எழுந்தது. காவிரிப் பாலம் வருவதற்குள் நான் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் வகுப்பில் எங்களுக்குத் தங்கவேல் சார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஓர் அதிமதுரக் குச்சி இருக்கும். அப்போது ஸ்ரீரங்கம் தனி நகராட்சி. ‘முனிசிபல் ஸ்கூல்’ என்றுதான் சொல்வோம். ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் இருப்போம். ஓரத்துப் பையனுக்குப் பாதி பெஞ்சு, பாதி காற்று. எனக்கு வாய்த்தது ஓரம். ஐப்பசி மழையில் நனைந்து வந்தால் சட்டைகள் எங்கள் உடம்புச் சூட்டிலேயே காயும். அந்த ஈர வாடையோடு அதிமதுரமும் சேர்ந்ததுதான் எனக்குப் பள்ளிக்கூட வாசனை.

மதிய மணி அடிப்பதற்கு முன் வாய்ப்பாடு. சுவருக்கு அந்தப் பக்கமும் அதே நேரத்தில் வாய்ப்பாடு. அது பாடமா போட்டியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“தெருவுல போறவங்க காதுல விழணும்டா! சத்தம் கேட்டாத்தான் இங்க பாடம் நடக்குதுன்னு நெனப்பாங்க. ஜூன் மாசம் புள்ளையக் கூட்டிக்கிட்டு வருவாங்க” என்பார் சார். எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று ஊர் முடிவு செய்ய அன்றைக்கு இருந்த வழி அதுதான்.

எனக்குக் குரல் கிடையாது. நான் கத்தினால் பக்கத்துப் பையனுக்கே கேட்காது. அதனால் சார் எனக்கு வேறு வேலை கொடுத்தார். சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போக ஓர் ஓட்டை உண்டு. அதன் பக்கத்தில் குந்தி, அந்தப் பக்கம் எந்த வாய்ப்பாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டு வந்து சொல்ல வேண்டும். கத்தியவர்களுக்கு அன்றன்றைக்கு ஒரு துண்டு அதிமதுரம் கிடைக்கும். காதுக்கு எதற்கு அதிமதுரம் என்று எனக்கு மட்டும் தர மாட்டார். வாசனை தெரியும், ருசி தெரியாது.

ஒருநாள் நாங்கள் பன்னிரண்டை முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பதினாலு கேட்டது. ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது.

“டேய், ஒட்டுக் கேக்குற பையா! என்ன வேணும் ஒனக்கு?”

“இப்பத்தானே பன்னெண்டு சொன்னீங்க?”

“பதிமூணு எங்க டீச்சருக்கு வராது. போயி ஒங்க சார்கிட்ட சொல்லிக்க.”

சொன்னேன். சார் வயிறு குலுங்கச் சிரித்தார். “பதிமூணை முழுங்கிட்டுத்தான் முன்னாடி ஓடுறாங்களா? எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்புங்கடா!” பதிமூன்றாம் வாய்ப்பாட்டை மூன்று தடவை சுவரைப் பார்த்துக் கத்தினோம்.  பதிலுக்கு அந்தப் பக்கம் பதினாலு, முன்பைவிடச் சத்தமாக.

என் மனைவி வசந்தா அந்தப் பக்கம் படித்தவள். எனக்கு இரண்டு வகுப்பு இளையவள். இந்தக் கதையை நான் எப்போது சொன்னாலும், “நாங்க பதிமூணை விட்டதே இல்ல. ஒங்களுக்குக் காது சரியில்ல” என்பாள். முப்பது வருடமாக இந்த வழக்கு நடக்கிறது.

வாய்ப்பாட்டை விட்டு எங்கோ போகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் அதே வாய்ப்பாட்டில்தான் நான் தவறினேன்.

மருமகனின் வேலை போனதும் மகள் கயல் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து நிலா பேசவில்லை. கயலின் காதில் மட்டும் ஏதோ ஊதுவாள். டாக்டர், “பிள்ளைங்களோட சேர்ந்தா சரியாயிடும்” என்றார். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், அரசுப் பள்ளிதான் என்று முடிவாகியிருந்தது. எந்தப் பள்ளி என்பதுதான் கேள்வி.

“நீங்களே பாத்துச் சொல்லுங்கப்பா. நீங்கதானே எல்லாத்துக்கும் கட்டம் போடுவீங்க” என்றாள் கயல். கேலி பாதி, கவலை பாதி.

தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் பிரிவு. ஸ்கேல் வைக்காமல் மளிகை லிஸ்ட்கூட எழுத மாட்டேன். பள்ளிகளின் விவரம் எல்லாம் இப்போது இணையத்தில் இருக்கிறது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பஸ் மாறாமல் போகக்கூடிய பள்ளிகளை எடுத்துக் கட்டம் போட்டேன். குடிநீர், கழிப்பறை, நூலகம், கட்டடத்தின் நிலை, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள். நல்லதற்குப் பச்சை மை, மோசமானதற்குச் சிவப்பு. ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஒரு கட்டத்தைத் தவறாகப் படித்தால் குழந்தை ஐந்து வருடம் அதில் உட்கார வேண்டுமே.

முடிவில் எல்லாக் கட்டமும் பச்சையாக ஒரே ஒரு பள்ளி நின்றது. எங்கள் பழைய பள்ளி! ஆண்கள், பெண்கள் பள்ளிகளை ஒன்றாக்கி வெகுநாளாகிறது. ஓர் ஆசிரியருக்கு ஒன்பது பிள்ளைகள் என்றிருந்தது. தங்கவேல் சாரின் வகுப்பை நினைத்துக்கொண்டேன். ஒன்பது பேர்! நிலா வாய் திறக்காவிட்டாலும் அந்த ஆசிரியர் கவனிப்பார். “நம்ம ஸ்கூல்தான் முதல்” என்று வீட்டில் அறிவித்தேன்.

நிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தெருமுனையிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அன்று வேலைநாள், பாட நேரம், ஆனால் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

தலைமையாசிரியை மணப்பாறையிலிருந்து தினமும் வருகிறவர். எல்லா அறைகளையும் திறந்து காட்டினார். நூலகம் துடைத்து வைத்தது போல இருந்தது. கழிப்பறை சுத்தம். குழாயில் தண்ணீர். நான் பச்சை மை போட்ட எதுவும் பொய்யில்லை.

“ஒண்ணாம் வகுப்பு எங்கேங்க?” என்றேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த இரண்டு குழந்தைகளைக் காட்டினார். “உங்க பேத்தி வந்தா மூணு.”

“மொத்தமே எத்தனை பேரு?”

“நானும் இன்னொரு டீச்சரும். ஆளுக்கு ஒன்பதுன்னு பாத்திருப்பீங்களே சார்.”

ஈரொன்பது பதினெட்டு. ஆசிரியர் எண்ணிக்கை பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது. நான் பெருக்கவில்லை. ஸ்டோர்ஸில் போல்ட்டு, நட்டு வரை பெருக்கிச் சரிபார்க்கிறவன், ஐந்து வகுப்புக்கும் தனித்தனி ஆசிரியர் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அவர் குனிந்து, “பேரு என்ன தங்கம்?” என்று கேட்டார். நிலா என் விரலை இறுக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

“பேச மாட்டாளா?”

“பேசுவா. இப்போ கொஞ்ச நாளா இல்ல.”

“இங்க வந்தா நான் பேச வச்சிடுவேன் சார்.” வாசல்வரை வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆகஸ்ட்டுல தலை எண்ணுவாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் அந்த டீச்சரை வேற ஸ்கூலுக்கு மாத்திருவாங்க. அப்புறம் அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்திதான். யாரு சேப்பாங்க, சொல்லுங்க? ஒரு புள்ள சேர்ந்தாக்கூடப் போதும்.”

வீட்டில் அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

“அங்க அவ யாரோடப்பா விளையாடுவா?” என்றாள் கயல்.

“நான் படிச்ச ஸ்கூல்தான். இருந்தாலும் மனசு ஒப்பலை” என்ற வசந்தா, என் தாளை எட்டிப் பார்த்தாள். “இத்தனை கட்டம் போட்டவரு, சத்தம் எவ்வளவுன்னு ஒரு கட்டம் போட்டிருக்கக் கூடாதா?”

திருவானைக்காவல் பக்கம் ஒரு பள்ளி. என் தாளில் அதற்குச் சிவப்பு அதிகம். வகுப்பில் நெரிசல், குழாயடியில் வரிசை, ஒரு கூரையில் பழுது. அங்கேதான் சேர்த்தோம். அந்தக் கூட்டத்தில் பேசாத பிள்ளை ஒன்று இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்ற பயம் எனக்குப் போகவில்லை. காலை ஷிப்ட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு, எதிரே இருந்த சைக்கிள் கடையில் பல நாள் நின்றேன். கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: “பஞ்சர் ஒட்டணுமா சார், இல்ல சும்மாதான் நிக்கிறீங்களா?”

ஜூலையில் அந்தத் தலைமையாசிரியை போன் செய்தார். “முடிவு பண்ணிட்டீங்களா சார்?”

நிலாவைச் சேர்த்து அதற்குள் பல வாரங்கள் ஆகியிருந்தன. “வேற இடத்துல சேத்துட்டோம்ங்க” என்றேன்.

“நல்லதுங்க சார். புள்ள பேசுறாளா?”

“இன்னும் இல்லைங்க.”

“பேசிருவா” என்றார். போனை வைத்துவிட்டார். நான்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த பிறகு, நிலாவின் டீச்சர் கயலைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னவோ ஏதோ என்று நானும் கூடவே ஓடினேன். “கிளாஸ்ல ரொம்பச் சத்தம் போடுறாம்மா. கொஞ்சம் சொல்லி வைங்க” என்றார். கயல் அங்கேயே அழுதுவிட்டாள். டீச்சர் பயந்துபோனார்.

இப்போது இரண்டாம் வகுப்பு. ஏ பிரிவும் பி பிரிவும் வரி மாற்றி வரி வாய்ப்பாடு சொல்கிறார்களாம். அதில் கட்டிய தொண்டைதான் இது. நேற்று அவளுக்கு அதிமதுரத்தை நறுக்கிக் கொடுத்தேன். நானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் கூடத்தில் இரண்டாம் வாய்ப்பாடு சொல்ல, நான் பக்கத்தில் போனில் இந்த வருடத்துப் பள்ளி விவரங்களைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் வரியைக் காணவில்லை. பெயரைப் போட்டுத் தேடினேன். பின்கோடு போட்டுத் தேடினேன். அதைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள் என்று அன்று காலையில் பால் பூத்தில் யாரோ சொன்னதை நான் நம்பவில்லை. எங்கள் பள்ளிக்கு ஒரு பிள்ளை போயிருந்தால்? வசந்தாவிடம் கேட்டால், “ஒரு பிள்ளையாலயா நிக்கும்? பைத்தியமா உங்களுக்கு?” என்பாள். ஒரு பிள்ளை போதும் என்று சொன்னவர் குரல் என் காதில்தானே இருக்கிறது.

“ஈரேழு பதினாலு” என்று சொல்லிவிட்டு நிலா நிறுத்தினாள்.

“ஏம்மா நிறுத்திட்டே?”

“அடுத்தது பி செக்‌ஷன் சொல்லணும் தாத்தா.”

அடுப்படியிலிருந்து வசந்தா குரல் கொடுத்தாள். “ஈரெட்டுப் பதினா...று.” கடைசியில் அந்த இழுவை. ஓட்டையின் பக்கத்தில் குந்தி நான் கேட்ட அதே இழுவை.

நிலா கட்டிய தொண்டையோடு சிரித்தாள். “பாட்டி தப்பு! எங்க ஸ்கூல்ல அப்படி இழுக்க மாட்டாங்க. அது எந்த ஸ்கூல் தாத்தா?”

கையில் போன் இருந்தது. இன்னொரு முறை பெயரைப் போட்டுப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

“சுவருக்கு அந்தப் பக்கத்து ஸ்கூல்” என்றேன்.